செவ்வாய்ப் படத்திலிருந்து ஏரி மனு வரை: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பட்டப்பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பாதி எழுத்து கண்ணுக்கு அகப்படாது. கல்வெட்டு படிக்கப் பழகியவர்கள் விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்க மாட்டார்கள். பக்கவாட்டில் நின்று, கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடிப்பார்கள். அப்போது ஒவ்வொரு கீறலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். தேய்ந்துபோனதாக நாம் கைவிட்ட வரி மெல்ல வாசிப்புக்கு வரும். நிலவிலும் இதே கதைதான். பௌர்ணமி அன்று தொலைநோக்கியில் பார்த்தால் நிலவு வெளுத்த தட்டு. அரைநிலவு நாளில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பார்த்தால் குழிகளின் விளிம்புகூடத் துலங்கும்.

எங்கள் ஊர் வாசகசாலையில் மாலை நேரத்தில் ஐந்தாறு இளைஞர்களோடு உட்கார்ந்து கோள்களின் தரைப் படங்களைப் பார்க்கிறோம். அதே ஆட்கள்தான் கிராம சபையில் ஏரிக்காகவும் எழுந்து பேசுகிறார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் வேண்டிய பயிற்சி ஒன்றே: நான் கண்டது எது, கண்டதிலிருந்து நானாகக் கருதிக்கொண்டது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிவது. தத்துவத்தின் பாலபாடம் அது. அதைக் கற்றுக்கொள்ளாமல் பொதுக் காரியத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவமே உண்டு, கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு

கணினியில் கூகுள் எர்த் புரோவை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். அதன் மேல்பட்டையில் கோள் வடிவில் ஒரு சின்னம் இருக்கும். அழுத்தினால் பூமியோடு நிலவும் செவ்வாயும் பட்டியலில் வரும். ஒரே மென்பொருளில் செவ்வாயின் பள்ளத்தாக்கையும் பாலக்கோட்டு வயலையும் பார்க்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அதைவிட முக்கியம் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போட்டு, கண்டது, கருதியது, கேட்டது என்று தலைப்பு எழுதுங்கள். இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. சைவ சித்தாந்தம் அறிவதற்கு வழியாக ஏற்கும் அளவைகள் மூன்று: காட்சி, கருதல், உரை. மலையில் புகை தெரிகிறது, அது காட்சி. அங்கே நெருப்பு இருக்க வேண்டும், அது கருதல். நம்பத்தக்கவர் வந்து சொல்வது உரை. காட்சியிலும் பிழை வரும் என்று நம் முன்னோர் எச்சரித்திருக்கிறார்கள். தூரத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயக்காட்சி. கயிற்றைப் பாம்பென்றே முடிவு கட்டிவிடுவது திரிவுக்காட்சி. இந்த இரண்டு சொற்களையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அடிக்கடி தேவைப்படும்.

செவ்வாயில் தொடங்குங்கள்

ஏன் நேராக நம் ஏரியிலிருந்தே தொடங்கக் கூடாது? ஏனென்றால் ஏரியைப் பார்க்கும்போது நமக்கு முன்கூட்டியே கோபம் இருக்கும். செவ்வாயில் யாருக்கும் பட்டா இல்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் அங்கே நிலம் உரிமை கொண்டாட முடியாது. பங்காளிச் சண்டை இல்லாத தரையில் கண்ணைப் பழக்குவது எளிது.

முதல் பாடமாக சைடோனியா என்ற பகுதியைத் தேடுங்கள். 1976 ஜூலை 25 அன்று வைக்கிங்-1 சுற்றுக்கலன் எடுத்த படத்தில் அங்கே ஒரு மனித முகம் தெரிந்தது. கண்குழி, மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. நிழல் தந்த தோற்றம் என்று நாசா அப்போதே சொல்லியும், வேற்றுக்கோள்வாசிகள் செதுக்கிய சிலை என்று நம்பியவர்கள் ஏராளம். மூக்குத் துளை போலத் தெரிந்தது, தரவு வந்து சேராமல் விடுபட்ட ஒரு கரும்புள்ளி. 1998இலும் 2001இலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலன் அதே இடத்தைக் கூர்மையாகப் படமெடுத்தபோது, காற்றும் காலமும் அரித்த ஒரு குன்றுதான் இருந்தது.

அந்தப் பழைய வைக்கிங் படத்தைத் திறந்து முதல் பத்தியை நிரப்புங்கள். 'முகம்' என்று எழுதக் கூடாது. 'இடப்பக்கம் வெளிச்சம். வலப்பக்கம் இருள். நடுவில் நீளவாக்கில் ஒரு மேடு போன்ற பட்டை.' அவ்வளவுதான் கண்டது. வாசகசாலையில் இதை முதன்முதலாகச் செய்கிறவர்கள் எல்லோருமே மூன்றாவது வரியில் வழுக்கிவிடுகிறார்கள். 'மேடு' என்பதே கருதல்தான் என்று ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி சுட்டிக்காட்டினாள். அவள் சொன்னது சரி. படத்தில் இருப்பது ஒளியின் ஏற்ற இறக்கம் மட்டுமே; உயரத்தை நாம் சேர்க்கிறோம்.

படம் என்பதே எண்கள்தான் என்பதை உணர இன்னொரு நிகழ்ச்சி உதவும். 1965 ஜூலையில் நாசாவின் மரைனர்-4 கலன் செவ்வாயை நெருங்கிப் படமெடுத்து அனுப்பியது. கணினி அந்தத் தரவைப் படமாக்கித் தரும் வரை பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. வந்த எண்களை நீளத் தாள்களில் அச்சிட்டு, கிழித்து, வரிசையாகப் பலகையில் பதித்து, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டு வண்ணக்கட்டியால் கையாலேயே தீட்டினார்கள். எண்ணைப் பார்த்துக் கோலம் நிரப்புவது போல. அருகிலிருந்து எடுத்த செவ்வாயின் முதல் படத்தை மனிதர்கள் கண்டது அப்படித்தான். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக, தொலைநோக்கி வழியே கோடுகளைக் கண்டு அவற்றை வாய்க்கால்கள் என்று கருதி, வாய்க்கால் வெட்டிய நாகரிகம் ஒன்றையே பெர்சிவல் லோவல் போன்றோர் எழுப்பியிருந்தார்கள். மரைனர் படங்களில் வாய்க்கால் இல்லை. கிண்ணக்குழிகள்தான் இருந்தன.

வெளிச்சம் எந்தப் பக்கம்?

எந்தப் படத்தைத் திறந்தாலும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும். நம் கண், வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். பிறந்தது முதல் தலைக்கு மேலே சூரியனோடு வாழ்ந்த பழக்கம் அது. படத்தில் வெளிச்சம் கீழிருந்து வந்தால் குழி மேடாகும், மேடு குழியாகும்.

செவ்வாய்க்குப் போகாமலே இதைச் சோதிக்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் நம் வானத்தை எப்போதும் முற்பகல் பத்தரை, பதினொன்று மணி வாக்கில்தான் கடக்கின்றன. கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஜனவரி மாதப் படம் ஒன்றில் வத்தல்மலையைத் திறந்து பாருங்கள். அந்த மாதத்தில் முற்பகல் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். நிழல் வடமேற்கில், அதாவது படத்தின் மேல்பக்கம் விழும். மலையின் முகடுகள் ஓடைகளாகவும், ஓடைகள் முகடுகளாகவும் தோன்றும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மலை சட்டென்று மலையாகும். பஸ்ஸில் போகும்போது அன்றாடம் பார்க்கும் மலையே நம்மை ஏமாற்றும் என்றால், பார்த்தறியாத தரையில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

ஒரு புள்ளி எத்தனை சென்ட்?

இரண்டாவது கேள்வி, படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு இடம் என்பது. சென்டினல்-2இல் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 22 சென்ட் ஒரே புள்ளியில் அடங்கும். செவ்வாயைச் சுற்றும் எம்ஆர்ஓ கலனின் ஹைரைஸ் கேமராவுக்கோ ஒரு புள்ளி 25, 30 சென்டிமீட்டர்தான். நம் சந்திரயான்-2இன் உயர்துல்லிய கேமராவும் நிலவில் அதே அளவு நுணுக்கம் கொண்டது.

இதன் பொருளைச் சற்று நின்று யோசியுங்கள். செவ்வாயில் கிடக்கும் ஒரு மீட்டர் பாறையை நாம் காண முடிகிறது. ஐந்து நாளுக்கொரு முறை நம் தலைக்கு மேல் வரும் இலவசப் படத்திலோ, மூன்று சென்டில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒரு குடும்பம் ஒரே புள்ளி. அந்தப் புள்ளியில் கூரையும் மாட்டுக்கொட்டகையும் முருங்கை மரமும் கலந்து ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஒரு பொருளை இன்னதென்று சொல்ல அதன் குறுக்கே குறைந்தது மூன்று, நான்கு புள்ளிகளாவது வேண்டும். அதற்குக் கீழே நீங்கள் சொல்வது எதுவும் கண்டது ஆகாது. எனவே சென்டினல் படத்தை வைத்து 'ஏழு சென்ட் ஆக்கிரமிப்பு' என்று எழுதாதீர்கள். அந்தப் படத்துக்கு ஏழு சென்ட் தெரியாது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஹைரைஸ் படங்களில் வரும் நீல மணல்மேடுகள் செவ்வாயில் நின்று பார்த்தால் நீலமாக இரா. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பையும் சேர்த்து நிறம் கொடுத்திருக்கிறார்கள். பூமிப் படங்களிலும் 'பொய் நிறம்' என்ற தெரிவு உண்டு. அதில் பச்சைப்பயிர் சிவப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் வரும்.

படத்தில் வடக்கை மேலே வைப்பதும் வெறும் வழக்கம்தான். 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ-17 வீரர்கள் எடுத்த முழுப் பூமிப் படத்தில் தென்துருவம் மேலே இருந்தது; வெளியிடும்போது திருப்பிவிட்டார்கள்.

இந்தக் கேள்விகளோடு ஒரு மாதம் பழகுங்கள். பெர்சிவியரன்ஸ் உலவி 2021இல் இறங்கிய ஜெசீரோ குழியில் பழைய ஆற்றின் கழிமுக வண்டல் விசிறிபோலக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, தென்பெண்ணை கிருஷ்ணகிரி அணைக்குள் நுழையும் இடத்தையும் பாருங்கள். நிலவின் கிண்ணக்குழிகளைப் பார்த்த கண்ணோடு கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளைப் பாருங்கள். மோதலில் பிறந்த குழி வட்டமாகவும் விளிம்பு உயர்ந்தும் இருக்கும். அறுத்தெடுத்த குழிக்கு நேர்க்கோட்டு ஓரமும் படிப்படியான நிழலும் இருக்கும். மழைக்குப் பிறகு குவாரியில் தேங்கும் நீர் குட்டை போலவே தெரியும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஏரிக்குத் திரும்புதல்

இங்கேதான் நான் தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஏரியின் இரண்டு படங்களை அச்சிட்டு, பாதி ஏரி காணாமல் போய்விட்டது என்று மனு எழுதினேன். முதல் படத்தில் கரைக்குக் கரை தண்ணீர். இரண்டாவதில் நடுவில் ஒரு குட்டை. மனுவை வாங்கிய அதிகாரி படங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவை எந்தெந்த மாதம்?" என்று கேட்டார். முதலாவது நவம்பர், இரண்டாவது ஏப்ரல். மனு அதோடு முடிந்தது. ஏரியின் ஒரு மூலையில் மண் கொட்டி நிரவியது உண்மை. நான் கண்ணால் பார்த்திருந்தேன். ஆனால் என் படங்கள் காட்டியது கோடைகாலத்தை. உண்மையான குறையைத் தவறான சான்றோடு கொண்டுபோனதால், அடுத்த முறை சரியாக எழுதியபோதும் எங்களை நம்புவதற்கு நெடுநாள் ஆயிற்று. அந்த இடைவெளியில் இன்னும் பல லோடு மண் விழுந்தது.

ஆகவே ஒப்பிடும்போது அதே மாதத்தை அதே மாதத்தோடு வையுங்கள். நம் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் மேகம் குறைவு, தண்ணீரும் ஓரளவு நிற்கும். அதனால் நான் பிப்ரவரியைத் தேர்ந்தெடுக்கிறேன். இரண்டு ஆண்டுகள் போதாது. ஒன்று மழை தப்பிய ஆண்டாக இருந்துவிடலாம். ஐந்தாறு பிப்ரவரிகளை வரிசையாக வைத்தால், ஏறி இறங்கும் தண்ணீர் எது, திரும்பி வராத ஓரம் எது என்று தெரியும். கூகுள் எர்த் புரோவில் கடிகாரச் சின்னத்தை அழுத்தினால் பழைய படங்கள் தேதியோடு வரும். இஸ்ரோவின் புவன் தளத்தையும் பாருங்கள்.

பொய் நிறப் படத்தில் ஏரி சிவந்திருந்தால் உடனே 'பயிர் வைத்துவிட்டார்கள்' என்று எழுதாதீர்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரியும் சிவப்புதான். ஏப்ரல் வெயிலில் சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்க, ஏரிக்குள் மட்டும் சிவப்பு நின்றால் சீமைக்கருவேலமாக இருக்கலாம். இவை எல்லாம் இரண்டாம் பத்தி.

மூன்றாம் பத்திக்கு நடந்துதான் போக வேண்டும். கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள். மதகு எங்கே, வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏரி கடைசியாக எப்போது நிரம்பி வழிந்து கோடி போனது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆடு மேய்க்கும் பெண்களைக் கட்டாயம் கேளுங்கள். எந்த மூலையில் எப்போது வேலி வந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

நடுவில் நிற்க வேண்டிய இடம்

படம் எது மாறியது என்று காட்டும். யார், ஏன் என்று காட்டாது. மேலிருந்து பார்த்தால் ஏரி ஓரத்தில் போக்கிடம் இல்லாமல் ஓலை வேய்ந்த குடிசையும், லாரி நிறுத்த ஒருவர் போட்ட தகரக் கொட்டகையும் ஒரே மாதிரி இரண்டு வெளிர்ப் புள்ளிகள். 'ஆக்கிரமிப்புகளை அகற்றுக' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், புல்டோசர் முதலில் எந்தப் புள்ளிக்குப் போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அரசியல் செயல்பாட்டுக்குத் தத்துவம் வேண்டும் என்று நான் சொல்வது இந்த இடத்துக்காக. எது நியாயம், யாருடைய இழப்பை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்காதவரின் கையில் செயற்கைக்கோள் படம் ஓர் ஆயுதம் மட்டுமே.

இந்த மண்ணுக்கு இது புதிய பேச்சு அல்ல. 1908இல் வ.உ.சி.யோடு சிறைப்பட்ட சுப்பிரமணிய சிவா சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளானார். வெளியே வந்ததும் அவர் செய்த வேலைகளில் ஒன்று, 'ஞானபாநு' என்று மாத இதழ் நடத்தியது. ஞானமும் நாட்டு விடுதலையும் அவருக்கு ஒரே வேலை. நோயின் காரணமாக ரயிலில் ஏறத் தடை வந்தபோது ஊர் ஊராக நடந்தார். 1925இல் நம் பாப்பாரப்பட்டியில் காலமானார். காந்தி தம் போராட்டத்துக்குத் தேர்ந்த சொல்லான சத்தியாகிரகம் உண்மையைப் பற்றி நிற்றல் என்றே பொருள்படும். பற்றுவதற்கு முன் எது உண்மை என்று தேட வேண்டியிருக்கிறது. 1966இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிராண்ட் என்ற இளைஞர், முழுப் பூமியின் படத்தை நாம் ஏன் இன்னும் பார்க்கவில்லை என்று கேட்கும், சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லைகளை அச்சடித்து விற்றார். ஒரு படத்தைக் காட்டு என்று கேட்பதே அரசியல் கோரிக்கையாகலாம் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மனு

முதலில் ஏரி யாருடையது என்று கேட்டறியுங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரியால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். துறைப் பராமரிப்பிலுள்ள ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. புல எண்ணைத் தெரிந்துகொண்டு, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்த நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்திப் பார்க்கலாம், ஆனால் சில மீட்டர் விலகும். எல்லையை அளந்து சொல்ல வேண்டியவர் சர்வேயர்.

பிறகு எழுதுங்கள். 'ரியல் எஸ்டேட் கும்பல் எங்கள் ஏரியை விழுங்கிவிட்டது' என்று எழுதினால் படித்தவர் மடித்து வைத்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

'2018 முதல் 2022 வரை ஒவ்வொரு பிப்ரவரிப் படத்திலும் ஏரியின் வடகிழக்கு மூலையில் நீர் தெரிகிறது. 2023, 2024 பிப்ரவரிப் படங்களில், ஏரியின் மற்ற பகுதியில் நீர் இருந்தும், அந்த மூலையில் இல்லை. நேரில் சென்று பார்த்தபோது அங்கே மண் நிரவப்பட்டிருப்பதைக் கண்டோம், புகைப்படம் இணைத்துள்ளோம். அவ்விடம் நீர்நிலைப் புறம்போக்கு எல்லைக்குள் வருகிறதா என அளந்து தெரிவிக்கவும், வருமெனில் மண்ணை அகற்றவும் வேண்டுகிறோம். தென்கரையில் குடியிருக்கும் குடும்பங்கள் பற்றி இந்த மனுவில் எதுவும் கோரவில்லை. அவர்களுக்கு மாற்று இடம் தருவது குறித்துத் தனி மனு அளித்துள்ளோம்.'

ஒவ்வொரு வரியும் நோட்டின் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற இடம். பிப்ரவரிப் படம் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். கரையில் நடந்து, கேட்டு, எழுதக் காலம் போதும். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். அதன் நகலோடு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, ரசீது எண் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் கேட்டு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு.

ரசீதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த பிப்ரவரியில் மேகமில்லாத ஒரு நாளின் படத்தை இறக்கி, அதே மூலையைப் பார்த்து, முதல் பத்தியில் கண்டதை மட்டும் எழுதுங்கள். அதே வாரத்தில் கரைக்கும் போய்விட்டு வாருங்கள்.